ஏழுமலையின் இடது கை

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் விரல்களை எப்படி வைப்பது, தோலை எந்தத் திசையில் நகர்த்துவது என்றெல்லாம் நான் பேசப்போவதில்லை. அதை வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். போன வாரம் வந்து பார்த்தேன், என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. நம் தொழிலில் கை பழகுவதற்கு முன்னால் சந்தேகம் பழகிவிடும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தருவதில்லை.

எண்பதுகளின் கடைசியில் நான் அம்பத்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் பிஸியோதெரபிஸ்டாகச் சேர்ந்தேன். நிணநீர் தேங்கிக் கையோ காலோ வீங்கினால், மசாஜ் செய்து வடிக்கலாம் என்பதை அந்த வட்டாரத்தில் அப்போது யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. மசாஜ் என்றால் எலும்பு நொறுங்க அமுக்க வேண்டும். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து யானைக்கால் வீக்கத்தோடு திருநெல்வேலிக்காரர் ஒருவர் வருவார். என் விரல்களையே முறைத்துப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். "ஏம்ப்பா, பூனக்குட்டியத் தடவுத மாதிரில்லா தடவுத? இதுக்கா நான் பஸ் ஏறி வாரேன்?" என்பார். டாக்டர்களும் அவரைப் போலத்தான். ஏதோ தடவுகிறான், போகட்டும் என்று விட்டிருந்தார்கள்.

நாங்களும் பதிலுக்குச் சந்தேகப்பட்டோம். வடித்துக் கட்டுப் போட்டு அனுப்பிய கால் மறுபடி வீங்கி வந்தால், கட்டை அவிழ்த்துவிட்டீர்களா என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. பாதிப் பேர் அவிழ்த்திருப்பார்கள். அதனால் மீதிப் பேரையும் நாங்கள் நம்பவில்லை.

எனக்கு இந்த முறையைக் கற்றுத் தந்த அம்மையார் அதிகம் பேசமாட்டார். ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். "வீக்கம் எங்க ஆரம்பிக்குதுன்னு எல்லாரும் பார்ப்பாங்க. எங்க முடியுதுன்னு நீ பாரு." நோயால் வரும் வீக்கம் சட்டென்று முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, எந்த இடத்தில் நல்ல தோல் தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி கரைந்துபோகும். அந்தப் பேச்சினால்தான் ஏழுமலையின் கையில் மற்றவர்கள் பார்க்காததை நான் பார்த்தேன். பார்த்ததனால் ஒரு பெரிய சங்கடத்திலும் மாட்டிக்கொண்டேன்.

ஏழுமலை ஆவடிப் பக்கம் முத்தாபுதுப்பேட்டைக்காரர். நிலம் வைத்திருந்த பழைய குடும்பம். நிலத்தில் பாதி பிளாட் ஆன பிறகு, அம்பத்தூர் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்திருந்தார். பவர் பிரஸ் ஓட்டுவது அவர் வேலை. காலால் பெடலை மிதித்தால் மேலேயிருந்து இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். கையை உள்ளே விட்டு வெட்டிய தகட்டை எடுக்க வேண்டும். எஸ்டேட்டில் விரல் குறைந்த கைகளை அப்போது நிறையப் பார்க்கலாம். ஏழுமலைக்கு விரல்கள் எல்லாம் இருந்தன. சில மாதங்களுக்கு முன்னால் தகடு ஒன்று எகிறி இடது புறங்கையில் அடித்து வீங்கியிருந்தது. எலும்பு முறியவில்லை, வீக்கமும் வடிந்துவிட்டது. மறுபடி வேலைக்குப் போனார். போன கொஞ்ச நாளிலேயே கை திரும்ப வீங்கியது. இந்த முறை முழங்கையையும் தாண்டி. யானைக்கால் கிருமிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. கம்பெனி அவரை எங்கள் நர்சிங் ஹோமுக்கு அனுப்ப, பெரிய டாக்டர் என்னிடம் அனுப்பினார்.

நான் வடித்துக் கட்டுப் போட ஆரம்பித்ததும் வீக்கம் மளமளவென்று குறைந்தது. அவ்வளவு வேகமாகக் குறைந்து நான் பார்த்ததில்லை. சாதாரணமாக வீக்கம் குறைந்தால் நோயாளியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். ஏழுமலையின் முகத்தில் வரவில்லை.

"கொறஞ்சுட்சா சார்?" என்று கேட்டார். கெட்ட செய்தி உண்மைதானா என்று விசாரிக்கிறவர் குரல் அது.

"நல்லாவே குறைஞ்சிருக்கு. இப்படியே போனா சீக்கிரம் வேலைக்குப் போயிடலாம்."

"அப்டியா சார்" என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அடுத்த முறை வந்தபோது கை பழையபடி ஊதியிருந்தது. நான் கட்டைப் பற்றிக் கேட்காமல், வீக்கம் எங்கே முடிகிறதென்று பார்த்தேன். முழங்கைக்கு மேலே ஓரிடத்தில், பென்சிலால் கோடு போட்டதுபோல் நின்றிருந்தது. கோட்டுக்குக் கீழே உப்பிய கை, மேலே சாதாரணக் கை. கோடு இருந்த இடத்தில் தோல் சுற்றிலும் லேசாகப் பள்ளம் விழுந்து கறுத்திருந்தது.

"சட்டை இறுக்கமா போடுவீங்களா?"

"ஆமா சார்" என்றார் உடனே. அவர் போட்டிருந்த சட்டைக் கைக்குள் இன்னொரு கையையும் விடலாம்.

கையை எதையோ கொண்டு கட்டுகிறார், கட்டி வீங்க வைத்துக்கொள்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. கோபம் வந்தது. என் இரண்டு கைகளும் நாளெல்லாம் இவருக்காக உழைக்க, இவர் வீட்டுக்குப் போய் ஒரு கயிற்றால் அத்தனையையும் கலைத்துவிடுகிறாரே என்ற கோபம். ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்தடுத்து வந்தபோதெல்லாம் பார்த்தேன். கோடு சில நாள் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், சில நாள் இறங்கியிருக்கும். நோய் அப்படி இடம் மாற்றிக்கொள்ளாது.

ஒருநாள் கம்பெனியில் வேலையாட்கள் விவகாரத்தைப் பார்க்கும் பர்சனல் ஆபீசர் என்னைத் தேடி வந்தார். மரியாதையான மனிதர், குரல் உயர்த்தாமல் பேசுவார். மசாஜ் அறையின் கதவருகே நின்றே பேசினார்.

"உண்மையைச் சொல்லுங்க. இது நோயா, இல்ல இவரே பண்ணிக்கிறதா? ஃபோர்மேனுக்கு ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகம். இவருக்கு லீவு கொடுத்தா நாளைக்குப் பத்துப் பேர் கையை வீங்க வச்சுக்கிட்டு வருவாங்க."

"இன்னும் கொஞ்சம் பார்க்கணும்" என்றேன்.

"தானா வந்த வீக்கம் இல்லைன்னு எழுத்துல ஒரு வரி கொடுங்க போதும். மீதியை நாங்க பார்த்துக்கறோம்."

மீதி என்றால் வேலை நீக்கம். அவர் போனதும் பெரிய டாக்டர் கூப்பிட்டார். நானும் மறைக்காமல் கோட்டைப் பற்றிச் சொன்னேன். "அப்ப எழுதிக் கொடுத்துடேன். உண்மையைத்தானே கேக்கறாங்க?" என்றார். எஸ்டேட் கம்பெனிகளின் நோயாளிகள்தான் எங்கள் நர்சிங் ஹோமை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர் நிலைமை எனக்குப் புரிந்தது.

பொய் எழுதச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன், அது சுலபம். என்னிடம் கேட்டதோ உண்மை. ஆனால் அது பாதி உண்மை. கட்டுகிறார் என்பது தெரியும், ஏன் கட்டுகிறார் என்பது தெரியாது. சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் படுத்துத் தூங்குவதற்காக ஒருவர் தன் கை மரத்துப்போகும்படி இறுக்கிக் கட்டிக்கொள்வாரா? எவ்வளவு வலித்திருக்கும்! டாக்டரிடம் கொஞ்ச நாள் அவகாசம் கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே சரி என்றார்.

ஆபீசர் என்னோடு பேசிக்கொண்டிருந்ததை ஏழுமலை வராந்தாவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அன்று உள்ளே வந்ததும் படுக்கவில்லை. நின்றபடியே கேட்டார்.

"சார், நீ கம்பெனி ஆளா?"

"நான் நர்சிங் ஹோம் ஆளு."

"அந்தாளு உன்னாண்ட இன்னா பேசிக்கினு இருந்தாரு?"

"உங்க கையைப் பத்திக் கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலை."

நம்பவில்லை. படுத்தார், ஆனால் நான் தொட்டபோது தோளைக் கல் மாதிரி வைத்துக்கொண்டார். அப்படி இறுக்கமாக இருக்கும் உடம்பில் நம் கை ஒன்றும் செய்ய முடியாது, உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டார்.

சில நாள் கழித்து ஒரு காலை வேளையில் அவர் மனைவி கஸ்தூரி ஆட்டோவில் அவரைப் போட்டுக்கொண்டு வந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பல் கிட்டும்படி நடுக்கம். இடது கை முழுக்கச் சிவந்து, தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. அக்குளில் நெறி கட்டியிருந்தது. கட்டிய இடத்தில் தோல் கிழிந்து, அந்த வழியாகக் கிருமி ஏறியிருக்கிறது. நிணநீர் தேங்கிய கையில் கிருமி புகுந்தால் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கஸ்தூரி என்னைப் பார்த்ததும், "சார், தடவி வுடு சார். நீ தடவுனாத்தான் கொறையுது" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப தொடக்கூடாதும்மா. இந்த நேரத்துல தடவினா விஷம் உடம்பெல்லாம் பரவிடும். ஊசி போட்டு முதல்ல ஜுரம் இறங்கணும்."

"இத்தினி நாளு தொட்டுக்கினு இருந்த. இப்ப தொடமாட்டேன்ற. இன்னா சார் மறைக்கிற? கை எடுக்கணுமா?"

அவர் கண்களைப் பார்த்து, இல்லை என்று மெதுவாகச் சொன்னேன். இந்த மாதிரி நேரத்தில் குடும்பம் கெஞ்சும், திட்டும். ஏதாவது செய்வதுபோல் காட்டிக்கொள்ளலாமென்று உங்கள் கையே துடிக்கும். தொடாமல் நிற்பதும் நம் வேலைதான். கஸ்தூரி என்னை நம்பவில்லை. அன்று பகல் முழுக்க அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டாக்டர் போட்ட மருந்து ஒவ்வொன்றும் எதற்கென்று சொல்லிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஜுரம் இறங்கத் தொடங்கிய பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

வராந்தாவில் உட்கார்ந்து அவராகவே பேசினார்.

"அதுக்குத் தூக்கமே இல்ல சார். முழிச்சிக்கினே கெடக்குது. கேட்டா எரிஞ்சு வுயுது. எவளாச்சும் கீறாளோன்னுகூட நென்ச்சேன். அதெல்லாம் இல்ல. தாமு தாமுன்னு ஒர்த்தன் எங்க தெருதான், சின்ன வயசுலேர்ந்து இதுக்குக் கூட்டு. ஒரே கம்பெனி. இப்ப அவன் ஊட்டாண்ட வந்தா இது பின்பக்கமா ஓடிடுது. இன்னா சண்டைன்னு கேட்டா சண்டையே இல்லன்றான் அவன்."

அதைக் கேட்டதும் என் சந்தேகம் வேறு திசையில் போனது. நண்பனோடு ஏதோ தகராறு, அதை மறைக்கத்தான் இதெல்லாம் என்று நினைத்தேன்.

ஜுரம் விட்ட பிறகு ஒரு மதியம் ஏழுமலையின் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. நான் அங்கே போகுமுன் என்ன கேட்பதென்று நிறைய யோசித்திருந்தேன். "ஏன் கட்டுறீங்க" என்றால் கட்டவில்லை என்பார். "கட்டுறீங்களா" என்றாலும் அதே பதில்தான்.

"எதால கட்டுறீங்க ஏழுமலை?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"மெல்லிசான கயிறா இருந்தா நரம்பு செத்துடும். அப்புறம் விரல் மடங்காது. அதுக்குத்தான் கேக்கறேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "சைக்கிள் டியூப் சார்" என்றார்.

"டியூபா இருந்ததனால நரம்பு தப்பிச்சுது."

"கம்பெனில சொல்லிட்டியா?"

"இல்லை. ஏன் கட்டுறீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாம எதைச் சொல்றது?"

எழுந்து உட்கார்ந்தார். வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த மெஷினு ரெண்டு தபா அடிக்குது சார்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"பெடல ஒரு தபா மிதிச்சா ஒரு அடிதான் வுயணும். இது எப்பவாச்சும், காலை எட்த்தப்புறம், தானா இன்னொரு அடி வுயுது. அந்த நேரம் கை உள்ள கீது சார், தகட எடுக்கறதுக்கு. அன்னிக்கு என் கை வெளிய வந்துக்கினு இருந்துச்சு. அதான் தகடு எகிறிப் பொறங்கைல அட்சதோட போச்சு. கொஞ்சம் முன்னாடி வுயுந்திருந்தா..." என்று இடது மணிக்கட்டில் வலது கையின் ஓரத்தை வைத்துக் காட்டினார்.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"ஃபோர்மேனாண்ட சொன்னேன். தூங்கி வயிஞ்சிருப்ப, இல்லாங்காட்டி தண்ணி போட்டுக்கினு வந்திருப்பன்னான். அல்லாரு முன்னாடியும் வாய ஊதச் சொன்னான் சார். ஃபிட்டரு வந்து பாத்தான், அப்ப ஒயுங்கா அடிக்குது. அன்னிலேர்ந்து நான் உள்ள போனாலே சிரிக்கிறானுங்க. ரெண்டாவது அடி வந்துட்சான்னு கேக்கறானுங்க." இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டார். "பயமா கீதுன்னு எப்டி சார் சொல்றது? பொம்பள கணக்கா பயப்படறான்னுவாங்க. வாயால சொன்னா ஒர்த்தனும் நம்பமாட்டான். வீங்கினா நம்புறான்."

நான் கேட்டேன். "இப்ப அந்த மெஷின்ல யார் நிக்கிறாங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "தாமு."

"அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். மாமே, நீ லீவு போட்டுக்கினு படுத்துக்கினுகீற, என்னியும் படுக்கச் சொல்றியான்னு சிரிக்கிறான். அவன் மூஞ்சியப் பாக்க முடியல சார்."

அறையை விட்டு வெளியே வந்தபோது என் மனம் தெளிவாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ஒருமுறை ஏமாற்றிய மனிதர் சொல்லும் இரண்டாவது கதை இது. அகப்பட்டுக்கொண்டவர் தப்பிக்கச் சொல்லும் கதையாகவும் இருக்கலாம். ஆனால் நம்பி ஏமாந்தால் எனக்குக் கொஞ்சம் அவமானம், அவ்வளவுதான். நம்பாமல் இருந்து கதை உண்மையானால் ஒருவர் கை போகும். இரண்டு பக்கமும் என்ன நஷ்டம் என்று பார்த்த பிறகு எனக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நம்புவதா வேண்டாமா என்று திணறும்போது இப்படிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்கு இன்றுவரை தெரியாது.

திரும்ப உள்ளே போனேன்.

"ஏழுமலை, ஆபீசர் இன்னிக்கு வர்றாரு. மெஷினைப் பத்திச் சொன்னா, நீங்க கட்டினதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். உங்க வேலை போகலாம். நீங்க வேணாம்னா சொல்லமாட்டேன்."

கஸ்தூரி வாசலில் தூக்குப் பாத்திரத்தோடு நின்றிருந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியவில்லை. ஏழுமலை மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவனுக்கு ரெண்டு பொண்ணுங்க சார்" என்றார். "சொல்லிடு."

ஆபீசர் வந்ததும் மேஜையருகே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுகிறார் என்றதும், "நான் அப்பவே சொன்னேனே" என்றார். இரண்டாவது அடி என்றதும் புன்னகை செய்தார்.

"சார், இது அடுத்த கதை. டியூப் கதை முடிஞ்சுதும் மெஷின் கதை. ஃபிட்டர் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை."

"நாளைக்கு நீங்க ஒண்ணு பண்ணுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அந்த மெஷின்ல நீங்களே உட்கார்ந்து, உள்ள கையை விட்டு ஒரு தகடு எடுத்துட்டு வாங்க. ஒரே ஒரு தகடு. நீங்க கேட்டதை அப்பவே எழுதித் தர்றேன்."

புன்னகை போய்விட்டது. அவர் கை மேஜை மேல் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அதுவரை அந்த மெஷினைத் தன் கையோடு சேர்த்து அவர் யோசித்ததில்லை. பெரும்பாலானவர்கள் அப்படித்தான்.

"நாளைக்கு எதுக்கு?" என்று எழுந்தார். "இப்பவே போவோம். நீங்களும் வாங்க."

அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து எஸ்டேட்டுக்குப் போனேன். பட்டறைக்குள் சத்தம் காதைப் பிளந்தது. தாமு என்பவரை அங்கேதான் முதலில் பார்த்தேன். ஒல்லியான, சிரித்த முகம். மெஷினிலிருந்து அவரை எழுப்பித் தள்ளி நிற்கச் சொன்னார் ஆபீசர். நீளமான சவுக்குக் குச்சி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, தகட்டைக் கையால் எடுக்காமல் குச்சியால் தள்ளும்படி தாமுவிடம் கொடுத்தார். ஃபோர்மேன் உதட்டைக் கோணிக்கொண்டு பெடலுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

மிதித்தார், ஒரு அடி. தாமு குச்சியால் தள்ளினார். மிதித்தார், ஒரு அடி. மறுபடி, மறுபடி. ஒவ்வொரு அடியும் ஒழுங்காக விழுந்தது. சுற்றி ஆட்கள் கூடினார்கள். யாரோ, "ஏழுமல பேய் பார்த்திருப்பான்" என்றார்கள். சிரிப்பு எழுந்தது.

நேரம் போகப் போக எனக்குச் சந்தேகம் திரும்ப வந்தது. டியூபை மறைத்தவர் இந்தக் கதையையும் கட்டிவிட்டிருந்தால்? பயத்தை ஒப்புக்கொண்டது, நண்பனின் பெண் குழந்தைகளைச் சொன்னது, எல்லாமே நடிப்பாக இருந்தால்? ஒரு கையின் வீக்கத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவன், தனக்குத் தெரியாத ஒரு மெஷினின் முன்னால் வந்து நிற்கிறேனே என்று இருந்தது. ஆபீசர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், புரொடக்‌ஷன் நிக்குது" என்றார் ஃபோர்மேன். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, எழுந்து எங்கள் பக்கம் திரும்பினார். "இதுக்கு மேல இன்னா பாக்கணும்?"

"அவ்ளோதான் சார், குந்திக்கறேன்" என்று தாமு சிரித்துக்கொண்டே மெஷினருகே போனார். உள்ளே ஒரு தகடு மிச்சமிருந்தது. அதை எடுக்கக் கையை நீட்டினார்.

"கையால வேணாம்" என்றார் ஆபீசர். "குச்சியாலேயே எடு."

தாமு எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் குச்சியை உள்ளே விட்டார்.

பெடலில் யாருடைய காலும் இல்லை. மெஷின் அடித்தது.

குச்சியின் முனை தெறித்து எங்கோ போய் விழுந்தது. தாமு கையிலிருந்த பாதிக் குச்சியைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆபீசர்தான் முதலில் அசைந்தார். போய், தானே மெயின் சுவிட்சை அணைத்தார்.

மெஷினைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே கிளட்சில் ஏதோ தேய்ந்து போயிருந்ததாகச் சொன்னார்கள். எனக்கு அது விளங்காது. ஃபோர்மேன் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆபீசர் எழுத்தில் எதையும் திரும்பக் கேட்கவில்லை. "இந்தக் கைக்குப் பிரஸ் வேலை கூடாது" என்று மட்டும் பெரிய டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, ஏழுமலையைப் பேக்கிங்குக்கு மாற்றினார். கட்டியதைப் பற்றி அவர் மேலே யாரிடமும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது.

தாமு அன்று சாயங்காலமே நர்சிங் ஹோமுக்கு வந்தார். ஏழுமலையின் கட்டிலில் உட்கார்ந்தார். "டேய் மாமே, இன்னும் ரெண்டு அறை வுட்டு சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்றார். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை, நான் வெளியே வந்துவிட்டேன்.

நீங்கள் சந்தேகப்படவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சந்தேகப்பட்டதால்தான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். ஆனால் நோயாளி பொய் சொல்கிறார் என்று கண்டுபிடித்ததும் நம் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அந்தப் பொய்யைச் சொல்லும்படி அவரை யார், எது தள்ளியது என்று பாருங்கள். முன்னால் ஒருமுறை உண்மையைச் சொல்லி, யாரும் காது கொடுக்காததால்கூட இருக்கலாம்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். முடியவில்லை. பேக்கிங்குக்குப் போய்ச் சில மாதங்கள் ஆன பிறகு ஏழுமலை கஸ்தூரியோடு வந்தார். சாட்சிக்கு ஆள் கூட்டிக்கொண்டு வந்தவர்போல் மனைவியை முன்னால் நிறுத்தினார்.

"சார், கை வீங்குது. நான் கட்டல சார். இவளக் கேளு."

"டியூப நான்தான் சார் அடுப்புல போட்டேன்" என்றார் கஸ்தூரி. "ராவெல்லாம் பக்கத்துலதான் படுத்துக்கினுகீறேன். அது ஒண்ணும் கட்டல. சத்தியமா."

கையை வாங்கிப் பார்த்தேன். இரண்டாவது விரலின் அடியில் தோலை என் விரல்களுக்கிடையே கிள்ளித் தூக்கப் பார்த்தேன். நல்ல கையில் தோல் மடிப்பாக எழும்பி வரும். அவர் தோல் எழும்பவில்லை. தடித்து, அடியோடு ஒட்டியிருந்தது. வீக்கம் மேலே போகப் போகக் கரைந்து, தோளருகே எங்கே முடிந்ததென்றே தெரியவில்லை. அத்தனை மாதம் இறுக்கிக் கட்டியதும், அதன் மேல் வந்த கிருமியும் சேர்ந்து நிணநீர் போகும் பாதைகளை அடைத்துவிட்டிருந்தன.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்புறியா சார்?"

"நம்புறேன் ஏழுமலை."

அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இனி இது போகாது, அடக்கி வைக்கலாம், உயிருள்ளவரை பார்த்துக்கொள்ள வேண்டும், சின்னக் கீறல்கூடப் படாமல் வைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இது நெஜ வியாதியா சார்?"

"நெஜம்தான்."

கொஞ்ச நேரம் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். விரல்களை மடக்கினார், நீட்டினார். எல்லாம் மடங்கின.

"கை கீதுல்ல சார்" என்றார். "அது போதும்."

சட்டையின் மேல் பொத்தானைத் தானே கழற்றிவிட்டு, மேஜையில் ஏறிப் படுத்தார். தோளைத் தளர்த்திக்கொண்டு, நான் எப்போதும் முதலில் தொடும் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொடுத்தார்.